மேம்பாலம் சொன்ன ரகசியம்

அதிகாலை நிகழ்ச்சிக்காக இருட்டிலேயே கிளம்பிவிடுவேன். ஈசூனில் எங்கள் புளோக்கைத் தாண்டியதும் ஒரு மேம்பாலம். அதன் இருபுறமும் காகிதப்பூ கொத்துக் கொத்தாகச் சரிந்து கிடக்கும். சிங்கப்பூரில் பல பாலங்களுக்கு இந்தப் போகன்வில்லாதான் அழகு.

எங்கள் வீவக வீட்டு வாசலிலும் அப்பா வைத்த காகிதப்பூத் தொட்டி இருக்கிறது. அவர் காலமான பிறகு, அம்மா காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். இலை தழைத்தது, பூ இல்லை. "எனக்குக் கைராசி இல்லை" என்று வருந்தினார்.

ஒருநாள், பாலத்துச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்த தமிழக ஊழியரிடம் கேட்டேன்.

"தண்ணியைக் குறைங்கக்கா. மண்ணு கொஞ்சம் காயணும், வெயில் நல்லா படணும். அப்பதான் பூக்கும்."

தொட்டியை வெயில் விழும் பக்கம் நகர்த்தி, நடைவழியை மறைக்காதபடி கொடியைச் சன்னல் கம்பியில் கட்டினோம். மேல்மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். அம்மாவுக்குத்தான் கை பரபரத்தது.

சில வாரங்களில் கம்பி முழுக்க இளஞ்சிவப்பு. நாம் பூவிதழ் என நினைக்கும் அந்த வண்ணம் உண்மையில் நிறம் மாறிய இலை. நடுவில் இருக்கும் குட்டி வெள்ளைக் குழல்தான் பூ. அதைக் காட்டியதும் அம்மா சிரித்தார்.

"உங்கப்பா வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஊத்துவார். சோம்பேறின்னு நான்தான் ஏசுவேன்."