பெயரில்லாத பைல்கள்

போகிப் பண்டிகை நெருங்கினால் நம் வீடுகளில் பரண் மேலிருந்து பாத்திரங்கள் இறங்குகின்றன. ஈயம் போன வெண்கலப் பானை, கால் ஒடிந்த நாற்காலி, பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜா எல்லாம் வெளிச்சத்துக்கு வருகின்றன. ஒரு பகல் முழுவதும் தும்மிவிட்டு, அவற்றில் முக்கால்வாசியை மறுபடியும் பரணிலேயே ஏற்றிவிடுகிறோம். ஆனாலும் ஒரு லாபம் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள நாலு பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அதற்குள் சேரும் குப்பை கண்ணில் படுவதில்லை. யார் காலையும் இடறுவதில்லை. ஆகவே அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. ‘நியூ போல்டர்’ என்று ஒன்று, ‘நியூ போல்டர் 2’ என்று அதற்கு ஒரு தம்பி, தம்பிக்குள்ளே ‘பைனல்’, அதற்குப் பக்கத்திலேயே ‘பைனல் புதுசு’. காமிராவிலிருந்து இறங்கிய போட்டோக்களுக்கோ பெயரே இல்லை, ஜெயில் கைதிகளைப் போல வெறும் நம்பர்கள்தான். கல்யாணத்தில் மணப்பெண் சிரித்ததும் நம்பர்தான். சமையற்காரர் முறைத்ததும் நம்பர்தான்.

“இதில் என்ன கஷ்டம்? தேடினால் மிஷின் எடுத்துக் கொடுத்துவிடுமே!” என்பார்கள். வாஸ்தவம். ஆனால் என்ன வார்த்தையைச் சொல்லித் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் மிஷின் எடுத்துக் கொடுக்கும். இதை நான் தியாகராய நகரில் ஒரு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

அந்த வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மகா ஒழுங்கானவர். பால் கார்டிலிருந்து பத்திரம் வரைக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். குடும்பப் பென்ஷனுக்கு எழுத வேண்டும், வைத்தியச் செலவின் இன்ஷூரன்ஸைக் கேட்க வேண்டும், பிளாட்டின் பத்திர நம்பர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து பிள்ளை டெலிபோனில், “அம்மா, ஸர்ச்சில் போட்டால் வந்துடும்” என்றான். மாமி ‘பத்திரம்’ என்று போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வராது. பத்திரத்தைப் படம் பிடித்த மிஷின் அதற்குத் தானாக வைத்த பெயர் ‘ஸ்கேன் 0007’.

இரண்டு சாயங்காலம் மாமியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் ‘நியூ போல்டர் 4’-க்குள் ‘டாகுமென்ட் 1’ என்று ஒன்று அகப்பட்டது. மூன்று பக்கம். எந்தப் பாங்கில் எந்தக் கணக்கு, பீரோவில் எந்தத் தட்டில் எந்தக் காகிதம், குழாய் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிட வேண்டும், மாமியின் ரத்த அழுத்த மாத்திரை எந்தத் தேதியில் தீரும் என்பது வரைக்கும் எழுதியிருந்தார். மாமி அதைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருக்கார். எங்கே எழுதி வச்சிருக்கார்னுதான் எழுதலை, பாருங்கோ” என்றாள்.

பைல்களை ஒழுங்கு செய்வது இட நெருக்கடிக்காக அல்ல. இன்றைய மிஷின்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நாம் இல்லாத சமயத்தில், நம்மைக் கேட்க முடியாத ஒருவர் வந்து தேடுவார். அவருக்காகத்தான். அந்த ஒருவர் மனைவியாக இருக்கலாம். பத்து வருஷம் கழித்து எல்லாவற்றையும் மறந்துவிட்ட நாமேகூட இருக்கலாம்.

இந்தச் சங்கடம் தமிழுக்குப் புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில், பாட்டு இருந்தது, பாடியவர் பெயர் தெரியவில்லை என்ற நிலைமை சில பாட்டுக்களுக்கு ஏற்பட்டது. தொகுத்தவர்கள் ‘பெயரில்லாதவர் 1’, ‘பெயரில்லாதவர் 2’ என்று போட்டுவிட்டுப் போகவில்லை. பாட்டுக்குள்ளேயே பளிச்சென்று தெரிந்த ஒரு சொற்றொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராக வைத்தார்கள் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அணிலாடு முன்றிலார், செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் எல்லாரும் இப்படிப் பெயர் பெற்றவர்கள்தான். ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் ஓடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ஒரு தடவை கேட்டால் மறக்குமா? உள்ளே இருப்பதைச் சொல்லும் பெயர்தான் பெயர். ‘ஸ்கேன் 0007’ என்பது மூட்டை தூக்குகிறவரின் வில்லை நம்பர் மாதிரி. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

சரி, பெயர் வைத்தாயிற்று. எந்தப் போல்டரில் போடுவது? அம்மாவின் கண் ஆபரேஷன் பில் ‘உடம்பு’ என்பதில் சேருமா, ‘பணம்’ என்பதில் சேருமா? இங்கே நமக்கு வழிகாட்ட நம்மூர்க்காரர் ஒருவர் இருந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஒரு புத்தகத்துக்கு ஒரு முகம் மட்டுமல்ல, பல முகங்கள் உண்டு என்று கண்டு, அத்தனை முகங்களும் எண்ணிலேயே தெரியும்படி 1933-ல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் தத்துவம் அதேதான். போல்டரில் ஒரு காகிதத்துக்கு ஒரே இடந்தான். பெயருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘2023-08 அம்மா கண் ஆபரேஷன் பில்’ என்று எழுதிவிட்டால், எப்போது, யார், என்ன என்ற மூன்று முகங்களும் வந்துவிடுகின்றன. வருஷத்தையும் மாதத்தையும் முன்னால் போட்டதால், அவை காலக்கிரமமாகத் தாமே வரிசையில் நின்றுகொள்ளும். போல்டர்கள் ஐந்து போதும்: வீடு, பணம், உடம்பு, மனிதர்கள், வேலை. ஐந்துக்கு மேல் போனால் நமக்கே மறந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் பைல் திறக்க வேண்டுமே! தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனிக் கவலை. யூனிகோட் பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டப்படி ஆங்கில எழுத்தின் ஆசனத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் ஒரு மகாநாடு கூடி, டாம், டாப் என்ற இரண்டு முறைகளைச் சிபாரிசு செய்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். என் முதல் கதைகளும் அந்தப் பழைய எழுத்துருக்களில் அடித்தவைதான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கதாநாயகி அழுகிற இடத்தில் டாலர் குறியும் கேள்விக்குறியும் நிற்கின்றன. நல்ல வேளையாக, மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன்.

பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயர் மறைந்த மறு வருஷம், 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேல் ஏற்படுத்தியது. அங்குள்ள சுவடிக் கட்டுக்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஓலை சாசுவதமல்ல; பூச்சி அரிக்கும், ஒடியும். பழைய நூல்கள் நம் வரைக்கும் வந்ததற்குக் காரணம் ஓலையின் உறுதியல்ல. பழைய ஓலை நொறுங்குவதற்குள் யாரோ ஒருவர் புது ஓலையில் பிரதி எடுத்துவிட்டார் என்பதுதான். கம்ப்யூட்டரின் தட்டும் ஓலைதான். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளங்களுக்குள் நுழைந்தபோது, அது அலமாரிக் காகிதத்தையும் மேஜைக் கம்ப்யூட்டரையும் வித்தியாசம் பார்க்கவில்லை. ஆகவே ஒரு பிரதி வீட்டில் இருந்தால், இன்னொன்று வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும். அக்கா வீடு இதற்கு உத்தமம்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது. நீங்கள் முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர் யாரோ அவரைக் கூப்பிட்டு, “இந்த வருஷத்து இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் கொஞ்சம் எடு” என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காப்பியோடு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வாயைத் திறக்கக் கூடாது. காப்பி ஆறுவதற்குள் அவர் எடுத்துவிட்டால், உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. எடுக்கவில்லையென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது.