பதவி உயரும்போது குறையும் குரல்கள்



நம் பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டுமென்று துஆ கேட்கிறோம். கிடைத்த பின் பதவி உயர்வு கேட்கிறோம். அவர்கள் பொது மேலாளராக, இயக்குநராக உயர்ந்துவிட்ட பின் என்ன கேட்க வேண்டும் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அந்த உயரத்தில் இருப்போர் பலர் சறுக்குவது திறமைக் குறைவினால் அன்று. “இது சரியில்லை” என்று சொல்ல அருகில் ஆள் இல்லாமற்போவதினால்தான்.

ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தை நினைத்துப் பார்க்கலாம். 1987-இல் தொடங்கப்பட்டு, சுமார் 50,000 ஊழியர்களைக் கொண்டதாக வளர்ந்தது. 2008 டிசம்பரில், தம் குடும்பத்தாரின் இரு நிறுவனங்களை சத்யம் வாங்க வேண்டுமென்று தலைவர் ராமலிங்க ராஜு முன்மொழிந்தார். கற்றறிந்தோர் அமர்ந்திருந்த இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. வெளியிலிருந்த பங்குதாரர்கள் கொதித்தெழுந்த பிறகே அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ரூ. 5,000 கோடிக்கும் மேல் உண்மையில் இல்லை என்று அவரே கடிதம் எழுதினார். சிறிதாகத் தொடங்கிய இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது என்பதே அவர் சொன்ன விளக்கம். அது சிறிதாக இருந்த நாளில் ஒருவர் தடுத்திருந்தால்?

அலங்காநல்லூரில் வாழும் நமக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. இங்குள்ள தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரைவை நின்றுபோனது, போதிய கரும்பு வராததால். வயலிலிருந்து வரத்து நின்றால் எவ்வளவு பெரிய இயந்திரமும் சும்மாதான் நிற்கும். தலைமைப் பொறுப்பும் அப்படித்தான்; கீழிருந்து உண்மை வந்து சேர வேண்டும்.

மார்க்கம் இதை மஷூரா என்று கற்றுத் தருகிறது. ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போருக்கு முன், மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டுமென்று பலர் விரும்பினர். அண்ணலார் அதை ஏற்றார்கள். அப்போரில் சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம், ‘இனி யாரையும் கேட்காதீர்’ என்று சொல்லவில்லை. அவர்களை மன்னிக்கவும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவுமே கட்டளையிட்டது. ஒரு முறை ஆலோசனை கசந்தது என்பதற்காகக் கதவை அடைத்துவிடும் மேலதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டா?

ஆகவே உயர்பதவியில் இருக்கும் நம் சகோதர சகோதரிகள், கெட்ட செய்தி கொண்டு வரும் ஊழியரிடம் முகம் சுளிக்காதிருக்கட்டும். கூட்டங்களில் இளையவரை முதலில் பேசவிட்டுத் தாம் கடைசியில் பேசட்டும். உறவினருக்கு ஒப்பந்தம் தரும் பேச்சு வந்தால், அந்த முடிவிலிருந்து தாமே விலகிக்கொள்ளட்டும்.

குடும்பத்துக்கும் இதில் பங்குண்டு. பெருநாளுக்கு ஊர் வரும் பெரிய அதிகாரிக்கு முதல் மரியாதை செய்வது நம் வழக்கம். அதோடு அவருடைய வாப்பாவோ உம்மாவோ தனியே அழைத்து, “அத்தா, உன்னிடம் உண்மையைச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பதவி அமானிதம், மறுமையில் கேள்வி உண்டு. அந்தக் கேள்வியை இம்மையிலேயே அன்போடு கேட்பவர் வாய்ப்பதும் ரஹ்மத்துதான்.