பனிக்காலத்து மூச்சு

குளிர்காலத்தில் நேரத்தோடு படு, வெயில் வந்த பிறகு எழும்பு என்கிறது சீனர்களின் பழைய மருத்துவ நூலான ஹுவாங்டி நெய்ஜிங். எங்கள் மார்கழியோ திருவெம்பாவைப் பூசைக்கு விடியுமுன்பே முழுகிவிட்டு வரச் சொல்கிறது. சிகோங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியைப் பழகும் உடப்புக்காரி நான் எந்தச் சொல்லைக் கேட்பது?

எனக்குத் தொய்வு வருத்தம் இருக்கிறது. இலங்கையின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரான உடப்புக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கினால் விடியற்புறத்தில் நெஞ்சு இறுகும். தியானத்துக்குக் கண்ணை மூடவே பயந்த விடியல்கள் உண்டு. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால், அது நின்றுவிடுமோ என்ற பயம்தான் முன்னால் வந்து நிற்கும். வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை.

அந்த நூல் எழுந்த வடசீனம் வேறு உலகம். பெய்ஜிங்கில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். உடப்பில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இங்கே சூரியன் ஆகப் பிந்தி உதிப்பது மார்கழியிலும் அல்ல, தை நடுப்பகுதி கழிந்துதான். ஆகவே எழும்பும் நேரத்தை நான் மாற்றவில்லை. குளிர்காலத்தில் உடம்பின் சூட்டை வியர்வையாக இழக்காதே என்று அதே நூல் சொல்வதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மற்றதைக் கற்றுத் தந்தது கடற்கரை. இந்த மாதங்களில் கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். ஏன் பாட்டு என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு வலை இழுக்கேலாது பிள்ளை. பாடினால் மூச்சு வெளிய போகும். போனால்தானே உள்ள வரும்" என்றார்.

அதன் பிறகு என் பனிக்கால ஒழுங்கு தலைகீழானது. முன்பெல்லாம் முதலில் தியானம், பிறகு அசைவு. இப்போது காதை மூடித் துணி கட்டி, வீட்டுக்குள் நின்றபடி அசைவில் தொடங்குகிறேன். சீனாவின் சொங் அரசமரபுக் காலம் முதல் அறியப்பட்ட பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுத் தொடரை, வியர்க்கும் முன் நிறுத்திவிடுவேன். காற்றை மூக்கால்தான் எடுப்பேன். குளிர்ந்த, உலர்ந்த காற்று சுவாசக் குழாயைச் சுருக்கும். மூக்கு அதைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பும். மூச்சை அடக்கி வைக்கும் பயிற்சி இந்த மாதங்களில் அறவே இல்லை. கையைத் தாழ்த்தும்போதெல்லாம் மெல்லிய முனகலோடு மூச்சை நீள விடுகிறேன். பிறகு உட்கார்ந்தால், கண்ணை மூடப் பயம் குறைவு. இன்ஹேலர் எப்போதும் பக்கத்தில் இருக்கும். வைத்தியர் சொன்ன மருந்தில் ஒரு வேளையும் தவறவிடுவதில்லை.

வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றுப் பலக்கும், கடல் குழம்பும். கரைவலைக்காரர் பலர் கிழக்குக் கரைக்குப் போவார்கள். அப்போது நானும் வெளித் திண்ணைக்கு மாறி, மறுபடி தியானத்தை முதலில் வைப்பேன்.