நீர்வடி ஆணி

மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கிய ஆராய்ச்சியையே எதிர்பார்த்திருப்பர். நாமோ மோட்டார் வண்டியின் ஆணியொன்றைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

எமது தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவரிடம் மொறிஸ் மைனர் வண்டியொன்று இன்றும் உண்டு. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்னும் பெருமை அவ்வினத்துக்கு உரியது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்த்து மண்ணெண்ணெயால் ஓடிய யாழ்ப்பாண வண்டிகளுள் அதுவும் ஒன்று.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். எமக்கு அப்போது பதினைந்து வயது. சனவெள்ளத்திலே அங்குலம் அங்குலமாக ஊர்ந்த வண்டி கொதித்தது. றேடியேற்றரின் அடியிலிருந்த பித்தளைத் திருகு உடைந்து நீர் முழுவதும் ஒழுகிற்று. தந்தையார் பூவரசங் கிளையைச் சீவித் துணி சுற்றித் துளையை அடைத்தார். அருகே நின்ற அன்பரொருவர் தம் போத்தல் தண்ணீரை நீட்டினார். "பிள்ளையள் தண்ணிக்கு அழுகுதுகள், இதை வண்டிக்கு ஊத்தலாமோ?" எனத் தந்தையார் மறுத்துவிட்டார். நாவற்குழிப் பாலம் கடக்கும்வரை தள்ளியே சென்றோம். பின்பு பெய்த மழையே அவ்வண்டியின் தாகந் தீர்த்தது.

ஊர் மீண்டபின் எவரோ பொருத்திய பொருந்தா ஆணியொன்று இத்தனை காலமும் இருந்து, இவ்வாண்டு கசியத் தொடங்கிற்று. "தம்பி, கல்லூரி விழாவுக்கு அதிலைதான் போகோணும்" என்றார் எண்பது கடந்த தந்தையார்.

நாமே மாற்ற முனைந்தோம். எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தோம். கொதிக்கும்போது திறப்பின் நீராவி முகத்தை வேகச்செய்துவிடும். அடியில் சட்டியொன்றை வைத்து ஆணியைக் கழற்றினோம். வெளிவந்தது சுண்ணாம்புக் கலங்கல். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் அகழ்ந்தவை. அந்நீர் சூடேறுந்தோறும் சுண்ணம் படிந்து மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ஆகையால் சேமித்த மழைநீராற் பலமுறை கழுவினோம். இவ்வளவும் செவ்வனே நடந்தது.

புதிய ஆணியிலேதான் தவறினோம். கடையில் வாங்கியது மில்லிமீற்றர் அளவு மரை. வண்டியின் மரையோ அங்குல அளவினது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு சுற்று ஏறியபின் இறுகிற்று. நீண்ட சாவியைப் பூட்டி வலிந்து திருகினோம். பித்தளை மரை நசிந்தது; ஈயப்பற்றும் வெடித்தது.

நாணத்தோடு கராச்சுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் எமது மாணவர். வல்லினம் மிகுமிடம் அறியாமைக்காக வகுப்பின் முன் நிறுத்தி நாம் பலமுறை நகைத்த மாணவர். அவர் நகைத்தாரில்லை. துளையைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்தார். "சேர், முதல் கையாலை திருகிப் பாக்கோணும். கைக்கு ஏறாட்டில் ஆணிதான் பிழை, துளையிலை பிழையில்லை. சாவி கடைசிக் கால் சுத்துக்குத்தான்" என்றார். பின்பு நசிந்த பகுதியை நீக்கிப் புதியதைப் பற்றவைத்து, செப்பு வளையமிட்டு, உரிய பித்தளை ஆணியைப் பூட்டினார். அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு துளியும் கசியவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவர் சொல்லே செவியில் நின்றது. இருபதாண்டுகளாகக் கற்பிக்கின்றோம். பாடம் ஏறாத பிள்ளைகள் எத்தனை பேரிடம் எடுத்த எடுப்பிலே சாவியைப் பூட்டினோம்! எமது பாடத்திற் பிழையுண்டோ என ஒருநாளேனும் விரலால் திருகிப் பார்த்தோமா? பயிற்சிக் கலாசாலையிலே கல்வி உளவியல் கற்றுச் சான்றிதழும் பெற்றோம். ஆயினும் இம்முதற் பாடத்தை எமக்குக் கற்பித்தவர் எமது மாணவரே.

மறுவாரம் மீண்டுஞ் சென்று, அன்று நகைத்தமைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அது எப்பவோ நடந்தது, சேர்" என்று தலைகுனிந்து சாவிகளை அடுக்கினார். அவர் மறந்துவிட்டார் என நாம் எண்ணவில்லை.

விழா நாளன்று தந்தையார் அவ்வண்டியிலேயே வருவார். கல்லூரி வாயிலில் அதனைக் காணும் அன்பர்கள், அதன் அடியிலே மறைந்திருக்கும் அச்சிற்றாணியையும், அதனைப் பூட்டிய கையையும் நினைவிற் கொள்வாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!