சர்டிபிகேட் கடல் தாண்டுமா?



"படிச்சா வேலை கிடைக்கும்." எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்பதால் நானும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. ஆனால், எல்லை தாண்டினால் படித்த படிப்பே செல்லாக்காசாகிவிடும் என்று தெரிந்தபோது திக்கென்றது.

கனடாவின் டொராண்டோ நகரை எடுத்துக்கொள்வோம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் உட்பட, பல நாட்டவர் குடியேறிய ஊர் அது. அங்கே டாக்சி ஓட்டுகிறவர்களில் டாக்டரும் உண்டு, இன்ஜினியரும் உண்டு. படிப்பில் குறைந்தவர்களா அவர்கள்? இல்லவே இல்லை! பிறகு ஏன் இந்த நிலை?

முதலில், எங்கோ வாங்கிய பட்டத்தை எடை போட அங்குள்ள முதலாளிக்குத் தெரிவதில்லை. அடுத்தது லைசென்ஸ். ஒண்டாரியோ மாகாணத்தில் இன்ஜினியர் லைசென்ஸ் வாங்க, கனடாவிலேயே 12 மாதம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்று விதி இருந்தது. வேலை கேட்டால் "இந்த ஊர் அனுபவம் இருக்கா?" என்பார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்! 2023 மே மாதம்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேருக்குக் கற்ற தொழில் கையைவிட்டுப் போயிருக்குமோ!

சரி, விதியை மாற்றினால் மட்டும் போதுமா? புதிதாக வந்தவருக்கு ஊரில் ஆள் பழக்கம் இல்லையே! எந்தக் கம்பெனியில் யாரைக் கேட்பது, பயோடேட்டாவை எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது... யார் சொல்வார்கள்?

இதற்காகவே டொராண்டோவில் 2003-ல் 'டிரியெக்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மறு வருடமே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அதே துறையில் ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒருவரைப் புதியவரோடு சேர்த்துவிட்டார்கள். சம்பளம் வாங்காமல், சில மாதங்கள் அவர் கூட இருந்து வழி சொல்வார். வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை. தன் துறையின் நெளிவு சுளிவுகளைச் சொல்லித் தருகிறார், தெரிந்தவர்களிடம் அறிமுகம் செய்கிறார். அவ்வளவே!

இது என் மனதைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. எந்த ஃபாரத்தை எங்கே கொடுப்பது என்று வீட்டில் கேட்க ஆளில்லாதவனுக்கு, "இப்படிப் போடா தம்பி" என்று ஒரு சீனியர் சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பது நம்மில் பலருக்குத் தெரியும். படித்தவனுக்குத் தேவை இரக்கம் அல்ல. கதவு எந்தப் பக்கம் என்று காட்டும் ஒரு விரல்!

நண்பர்களே, நாளை நாமும் வேலையில் அமர்வோம். வேறு ஊரிலிருந்தோ, வேறு நாட்டிலிருந்தோ ஒருவர் வந்து தகுதிக்குக் குறைந்த வேலையில் நின்றால், "எந்த ஊர்?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "என்ன படிச்சீங்க? என்ன வேலை தெரியும்?" என்றும் கேட்போம். தெரிந்த வழியைச் சொல்வோம். அதற்குக் காசு செலவில்லை!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை