கடையும் கடன் நோட்டும்



வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பாய், ஒரு மளிகைக் கடை வைத்தால் பிழைத்துக்கொள்ளலாமா?” முதலீடு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கடன் நோட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

2002ஆம் ஆண்டு அபுதாபி சென்றேன். சொன்ன வேலை அங்கே கிடைக்கவில்லை. முதல் இரண்டு மாதங்கள் கையில் சம்பளமும் இல்லை. தங்கியிருந்த கட்டடத்தின் கீழே ஒரு பக்காலா இருந்தது. தெருமுனை மளிகைக் கடையை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நடத்தியவர் மலையாளி, எங்கள் எல்லோருக்கும் அவர் ‘இக்கா’. குப்பூஸும் தயிரும் அவர் கடனாகத் தந்ததால்தான் அந்த இரண்டு மாதங்களும் கழிந்தன. பிறகு அவரே என்னைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டார். தொலைபேசியில் கேட்பவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியானாலும் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பட்டாணியருக்கு ஒரு பருப்பு, பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு ஒரு வகைச் சோயா சாஸ், வங்காளிகளுக்குக் கடுகெண்ணெய் என்று யாருக்கு எது வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். ஹிந்தியும் அங்கே கற்றதே.

2012 இறுதிக்குள் சிறு கடைகளெல்லாம் ஒரே மாதிரியான பெயர்ப்பலகை, புதிய அலமாரிகள், கணினிக் கணக்கு என்று மாற வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. செலவு தாங்காத பல கடைகள் 2013 ஜனவரியில் மூடப்பட்டன. இக்காவின் கடையும் அவற்றுள் ஒன்று. அவர் மலப்புறத்துக்குத் திரும்பினார், நான் மந்தாரக்குப்பத்துக்கு.

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாக அளந்து, திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். மந்தாரக்குப்பம் அதை ஒட்டி, கடலூர் – விருத்தாசலம் சாலையோரம் தானாக வளர்ந்த ஊர். இரண்டாம் சுரங்கத்துக்குச் செல்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் என்று பலரும் எங்கள் தெருக்களில் கலந்திருக்கிறார்கள். அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் பால் பாக்கெட்டுக்காக விடியுமுன்னே வந்து நிற்பார். இரவு ஷிப்ட் முடித்தவர் அதே நேரத்தில் காலைச் சமையலுக்கு ரவை கேட்பார். கடையைச் சீக்கிரம் திறப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினால் சரியாக இருக்கும்.

முதலுக்குச் சேமிப்பு மட்டும் போதவில்லை. என் மனைவியின் ஆறு பவுன் நகை இருந்தது. அடகு வைத்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். வட்டி கட்ட வேண்டும் என்பதால் அவள் சம்மதிக்கவில்லை; விற்றுவிடச் சொன்னாள். அன்று கழற்றிய வளையல் போல இன்னொன்று இன்றுவரை வாங்கிக் கொடுக்கவில்லை. இதை எழுதுவது தெரிந்தால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆயினும் கடையின் முதல் முதலீட்டாளரைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

2013 ஜூன் மாதம், ரமளானுக்குச் சில வாரங்கள் இருந்தபோது கடையைத் திறந்தோம். பள்ளிவாசல் இமாம் துஆ ஓதினார். அத்தா கையால் முதல் வியாபாரம் ஒரு கிலோ சர்க்கரை. தராசுக்கு முத்திரை வாங்கியிருந்தேன். சட்டம் கேட்கிறது என்பது ஒரு காரணம். அளவில் மோசடி செய்வோரைப் பெயராகக் கொண்டு ஓர் அத்தியாயமே (83) குர்ஆனில் இருக்கிறது என்பது மற்றொன்று. சிகரெட்டும் பீடியும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். “சிகரெட் வாங்க வருகிறவன்தான் கூடவே பிஸ்கட்டும் வாங்குவான், பாய்” என்று பக்கத்துக் கடைக்காரர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மைதான். முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கூட்டம் என் கடையைத் தாண்டி அவர் கடைக்கே சென்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடையை மூடுவதற்கு மட்டும் வாடிக்கையாளர்கள் விரைவில் பழகிவிட்டார்கள். இந்துச் சகோதரிகள் பன்னிரண்டு மணிக்கே வந்து வாங்கிப் போய்விடுவார்கள்.

இனி கடன் நோட்டுக்கு வருகிறேன். நிரந்தர ஊழியருக்குச் சம்பள நாள் உண்டு. அவர் பெயரில் மாதம் முழுவதும் எழுதினாலும் முதல் வாரத்தில் கணக்கு நேராகிவிடும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த நிச்சயம் இல்லை. ஆகவே கடன் அதிகம் தேவைப்படுகிறவரே கடன் கொடுக்க அஞ்ச வேண்டியவராகவும் இருக்கிறார். கடன் கொடுக்காத மளிகைக் கடை இந்த ஊரில் நிற்காது; கேட்ட எல்லோருக்கும் கொடுத்த கடையும் நிற்காது. இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலியில் 1000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து, ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்று தங்கினார்கள். நான் கடுகெண்ணெயும் பத்துக் கிலோ கோதுமை மாவுப் பைகளும் வரவழைத்தேன். ஹிந்தியில் பேசும் கடைக்காரன் என்ற செய்தி அறைக்கு அறை பரவியது. அவர்கள் என்னைச் ‘சாச்சா’ என்று அழைத்தார்கள். வியாபாரம் உயர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

2016 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் 1,870 ரூபாய் பாக்கியோடு சொல்லாமல் ஊர் மாறிவிட்டார். அதே மாதத்தில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணமும் எனக்குத் தட்டுப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் ஓர் அட்டையில், வெளி மாநிலத்தவருக்குக் கடன் இல்லை என்று ஹிந்தியில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினேன். உள்ளூர்க்காரர் ஒருவர் அதே ஆண்டில் 4,000 ரூபாய்க்கு மேல் வைத்துவிட்டுத் தெருவையே மாற்றி நடந்தார். அவருக்காக நான் தமிழில் எந்த அட்டையும் எழுதவில்லை.

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் வங்கிகளும் மூடியிருந்தன. அன்று மாலை இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் இரண்டு கிலோ கோதுமை மாவும் கால் லிட்டர் கடுகெண்ணெயும் எடுத்துவந்து, பழைய 500 ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினான். வாங்க மாட்டேன் என்றேன். “சனிக்கிழமை தருகிறேன், சாச்சா” என்றான். நான் வாயால் பதில் சொல்லாமல் அட்டையைக் காட்டினேன். அவன் அதைப் படித்தான். பிறகு மாவையும் எண்ணெயையும் எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான். எண்ணெய்ப் புட்டியின் முகப்பு வெளியே தெரியும்படி திருப்பிவைத்தான். பக்காலாவில் இக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அது.

இரவு மனைவியிடம் இதைச் சொன்னேன். புகாராகச் சொன்னேனா, வருத்தமாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. “அபுதாபியில இக்கா உங்களுக்குச் சாப்பிடக் கொடுத்தப்ப, எந்த ஊருன்னு பார்த்தா கொடுத்தாரு?” என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில், ஊரே பணத்தட்டுப்பாட்டில் இருந்ததாலோ என்னவோ, இமாம் கடனைப் பற்றிப் பேசினார். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் தமது இரும்புக் கவசத்தை ஈடாக வைத்து உணவுப் பொருள் கடனாக வாங்கியதை எடுத்துரைத்தார். அவர்கள் வஃபாத்தானபோதும் அக்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஈட்டிலேயே இருந்தது என்பது புகாரியில் பதிவான செய்தி. சிறு வயது முதல் கேட்ட ஹதீஸ்தான். நபியவர்களின் எளிமைக்குச் சான்றாகவே அதுவரை அதைக் கேட்டிருந்தேன். அன்றுதான் கடைக்காரனாக அமர்ந்து கேட்டேன். அந்த யூத வியாபாரி தன் மார்க்கத்தைச் சேராத ஒருவருக்குச் சரக்குக் கொடுத்திருக்கிறார். ஈடு வாங்கிக்கொண்டார், ஆனால் இல்லை என்று அனுப்பவில்லை.

கடைக்குத் திரும்பியதும் அட்டையைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்ததாக எண்ண வேண்டாம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. கடன் படுகிறவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பது அதிலுள்ள நுட்பம். அதை அப்படியே கடைப்பிடிக்கத் தொடங்கினேன். வாங்குகிறவர் தொகையைத் தம் வாயால் சொல்வார். அவர் பார்க்க எழுதுவேன். அவரிடமும் ஒரு சிறு நோட்டு இருக்கும். அறைத் தோழர் ஒருவர் சாட்சி. புதியவருக்கு 500 ரூபாய் வரை. பழகப் பழக வரம்பு உயரும். இந்த வரம்பு உள்ளூர்க்காரருக்கும் உண்டு. அதற்காக என்னோடு சண்டையிட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்தாம்!

2020 ஊரடங்கில் அந்த ஏற்பாடும் சோதனைக்கு உள்ளானது. மே மாதம் சிறப்பு ரயில்களில் பலர் ஊர் போனார்கள். நோட்டில் நின்றது 14,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். சிலர் பிறகு கைப்பேசி வழியாக அனுப்பினார்கள். ஏறத்தாழ 6,000 வரவில்லை. மறு ஆண்டு ரமளானில் சரக்கை எண்ணி ஸகாத் கணக்கிட்டபோது, இந்தத் தொகையைத் தள்ளுபடி செய்து ஸகாத்தாகக் கழித்துக்கொள்ளலாமா என்று இமாமிடம் கேட்டேன். பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்பதில்லை என்றார். போன பணத்தைக் கொண்டு கடமையைத் தீர்க்க முடியாதல்லவா என்று சிரித்தார். ஸகாத்தைத் தனியாகக் கொடுத்தேன். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லி, விட்டுக்கொடுப்பதை அதைவிடச் சிறந்ததாகக் கூறும் வசனம் (2:280) கடனாளியின் மார்க்கத்தையோ மாநிலத்தையோ கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை நான் உடனே அடித்துவிடவில்லை. மனம் வர இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று. 1,870 ரூபாய்க்காரரின் வரியையும் அன்றுதான் அடித்தேன்.

மாவை வைத்துவிட்டுப் போன இளைஞன் மறுபடி வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பகுதி அறைகளிலிருந்து வந்தவர்களிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். உயரமானவன், இடது புருவத்தில் தழும்பு என்றேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். கடன் கொடுத்திருந்தால் பெயர் நோட்டில் இருந்திருக்கும். ஒருவர் மட்டும், அப்படி ஒருவன் இருந்தான், வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. கால் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு, தொகையைத் தானே சொல்லி எழுதச் சொன்னார்.