உப்புக்காற்றுக்கு ஒரு முன்வரிசை

ஆகஸ்ட் 3

வடக்கே காலியாகக் கிடந்த மனையில் வீடு எழும்பிவிட்டது. மாடியில் பெரிய மரத்தளம். அங்கே நின்றால் எங்கள் பின்முற்றம் முழுவதும் தெரியும். அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்தில், பிரூஸ்டர் என்ற ஊரில், விரிகுடாக் கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கோடை மாலையில் முற்றத்தில் உட்கார்ந்து படிப்பதைவிடப் பெரிய சுகம் இங்கே எதுவும் இல்லை. மரம் வைத்து மறைப்பது என்று முடிவு செய்தோம்.

நர்சரிக்குப் போவதற்கு முன் அளவெடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த மாடியில் நிற்பவரின் கண் ஏறக்குறைய 16 அடி உயரத்தில், என்னிடமிருந்து 80 அடி தூரத்தில். இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால், 60 அடி தள்ளியிருக்கும் எல்லையில் அது 13 அடி உயரத்தில் போகிறது. நாற்காலிக்கு 20 அடி அருகில் பார்த்தால் 7 அடிதான். அதனால் எல்லை நெடுக முப்பதடிப் பச்சைச் சுவர் தேவையில்லை. பார்வையை மறைக்க உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சில சிறுமரங்கள் போதும். எல்லையில் நிற்கப்போகும் மரங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: குளிர்காலத்தில் விரிகுடாவிலிருந்து வரும் காற்றை அவைதான் முதலில் வாங்கும்.

ஆகஸ்ட் 9

நர்சரியில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு எண் தொங்குகிறது. குளிர்மண்டல எண். அமெரிக்க வேளாண் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 2023-இல் வெளிவந்த வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியில் வரையப்பட்டது. எங்கள் தீபகற்பம் 7-ஆம் மண்டலம்: குளிர்காலத்தின் மிகக் கடுமையான இரவு சராசரியாக மைனஸ் 12-க்கும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் இடையே இருக்கும்.

சராசரி என்ற சொல்லை இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் மைனஸ் 23 டிகிரி. 1957-க்குப் பிறகு அந்த நகரம் அவ்வளவு குளிரைக் கண்டதில்லை. கேப் காட் என்றாலே நினைவுக்கு வரும் நீல ஹைட்ரேஞ்சியாக்களின் பூமொட்டுகள் அந்தக் குளிரில் கருகின. செடிகள் சாகவில்லை, வேரிலிருந்து தழைத்தன. ஆனால் அந்தக் கோடையில் வேலியோரங்களில் நீலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் மரத்தைத்தான் வாங்குவது என்று அன்றே தீர்மானித்தேன். 7-இல் வாழ்பவர் 6-க்கோ 5-க்கோ உரிய மரத்தை நட்டால் அபூர்வமான அந்த ஓர் இரவையும் அது தாண்டிவிடும்.

ஆகஸ்ட் 16

மண்டல எண் குளிரை மட்டும்தான் சொல்கிறது. உப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் இன்று கடற்கரைச் சாலையில் மெதுவாக நடந்து, எது நிற்கிறது, எது நலிந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிவருகிறது. அவை இலையிலும் மொட்டிலும் படிந்து, சிறு காயங்கள் வழியே உள்ளே போய், திசுவிலிருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுத்துவிடுகின்றன. ஊசியிலைகள் நுனியிலிருந்து பழுப்பாகின்றன. கடலைப் பார்த்த பக்கத்து மொட்டுகள் ஆண்டுதோறும் சாவதால், மரம் நிலத்தை நோக்கிச் சாய்ந்து வளர்ந்ததுபோல் தெரிகிறது. குளிர்காலத்தில் இதோடு இன்னொன்றும் சேரும். மண் உறைந்துவிட்டால் வேரால் நீர் எடுக்க முடியாது. பசுமை மாறா மரத்தின் இலையிலிருந்தோ காற்று நீரைப் பறித்துக்கொண்டே இருக்கும். இங்கே பல மரங்கள் குளிரில் உறைந்து சாவதில்லை, தாகத்தில்தான் சாகின்றன.

தெருமுனை வீட்டு அம்மையார் 1991 ஆகஸ்ட் 19-இல் பாப் சூறாவளி வந்ததைச் சொன்னார். காற்று நின்று சில நாள்களில் இலைகளெல்லாம் தீயில் வாட்டியதுபோல் பழுப்பானதாம். பிறகு இலையுதிர் காலத்தில், பருவம் தப்பி, லைலாக் பூத்ததாம். இலையை இழந்த மரம் அடுத்த வசந்தத்துக்கு வைத்திருந்த மொட்டை அப்போதே திறந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பனியாறு விட்டுப்போன மணல்தான் இந்தத் தீபகற்பம். மணலில் விழுந்த உப்பை ஒரு நல்ல மழை கீழே கழுவிவிடும். அதே காரணத்தால் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. இலையில் உப்பையும் வேரில் வறட்சியையும் ஒருசேரத் தாங்குவதுதான் நமக்கு வேண்டிய மரம்.

ஆகஸ்ட் 24

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது வேகமாக வளரும் மரங்களை. ‘கிரீன் ஜயன்ட்’ ஆர்பர்விட்டே டென்மார்க்கிலிருந்து 1967-இல் அமெரிக்காவுக்கு வந்த கலப்பினம். ஆண்டுக்கு மூன்று அடி வளரும், குளிர் தாங்கும், மான்களும் அவ்வளவாகத் தொடுவதில்லை. கடலிலிருந்து சில மைல் உள்ளே வாழ்பவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். உப்புத்துளி நேராகப் படும் இடத்தில் அது நிலைக்காது. ‘லேலண்ட்’ சைப்ரஸ் உப்பைத் தாங்கும். ஆனால் அதன் வேர் ஆழமாக இறங்காது, உயரமோ மளமளவென்று ஏறும். மணல் மண்ணில், புயல் வரும் கரையில் அந்த இரண்டும் சேர்வது நல்லதல்ல. வெள்ளைப் பைன் இந்த மாநிலக் காடுகளின் பெருமை, ஆனால் உப்புக்கு மிகவும் மென்மையானது. மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

கடற்கரைக்கு இறங்கும் வழியில் ஜப்பானியக் கறுப்புப் பைன் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது. அதன் கதையை எழுதிவைக்க வேண்டும்.

ஜப்பானியர் நூற்றாண்டுகளாகக் கடலோரக் காற்றுத்தடுப்பாக நட்ட மரம் அது. அந்நாட்டின் ரிக்குசென்தகாத்தா நகரில் ஏறக்குறைய 70,000 பைன் மரங்கள் கரையோரம் நின்றன. 2011 சுனாமியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் வேரில் உப்பேறி அடுத்த ஆண்டுக்குள் பட்டுப்போனது. உப்புக்காற்றைத் தாங்கும் என்ற அந்தப் பெயரை நம்பி, இங்கும் லாங் ஐலண்டிலும் நியூ ஜெர்சிக் கரையிலும் வீட்டுக்கு வீடு அதையே நட்டார்கள். 1980-களுக்குப் பிறகு அவை கொத்துக்கொத்தாகச் சாகத் தொடங்கின. டர்ப்பன்டைன் வண்டு பட்டையைத் துளைத்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்தது. அந்த நூற்புழு வட அமெரிக்காவைச் சேர்ந்தது. இங்குள்ள பைன்கள் அதனோடு வாழப் பழகியவை. ஜப்பானிய மரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே புழு கப்பலேறி ஜப்பானுக்கும் போய், அங்குள்ள பைன் காடுகளையும் அழித்தது.

உப்பைத் தாங்கியது, குளிரைத் தாங்கியது, ஆனால் ஒரு புழுவைத் தாங்கவில்லை. எந்த மரத்துக்கும் ஏதோ ஒரு பலவீனம் உண்டு. ஒரே மரத்தை வரிசையாக நட்டால் அந்தப் பலவீனமே முழு வரிசையின் பலவீனமாகிவிடும்.

செப்டம்பர் 6

வேதாரண்யத்திலிருந்து அம்மா பேசினாள். மரம் தேடுகிறேன் என்றதும், “கடக்கரைன்னா சவுக்கு வெய்யேன்டி. மணலு, காத்து, உப்பு எல்லாத்துக்கும் அதானே நிக்கும்?” என்றாள். சவுக்கு உறைபனியில் செத்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஒண்ணையே வெக்காத. கஜாவுல பாத்தோமே, தென்னைய மட்டுமே நம்பினவங்க என்ன ஆனாங்கன்னு” என்றாள்.

2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் மரம். கறுப்புப் பைனைப் பார்த்து நான் யோசித்ததை, அம்மா தன் ஊரின் இழப்பிலிருந்தே அறிந்திருக்கிறாள்.

சவுக்கு இங்கே வராது. ஆனால் அது மணலில் பிழைக்கும் வழி இங்கேயும் உண்டு. சவுக்கின் வேர்முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. கேப் காட் மணல்மேடுகளில் தானாக வளரும் பேபெர்ரிப் புதரின் வேரிலும் இருப்பது ஃபிராங்கியாதான். பேபெர்ரி குளிருக்கும் அஞ்சாது, உப்புக்கும் அஞ்சாது. யாரும் உரம் போட வேண்டாம். அதன் சாம்பல்நிறக் காய்களைப் போர்த்தியிருக்கும் மெழுகில் இந்தப் பகுதியின் பழைய குடியேறிகள் மெழுகுவத்தி செய்தார்கள். அந்த மெழுகைச் செரிக்கக்கூடிய சிறு கதிர்க்குருவி ஒன்று அதைத் தின்றே இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது.

செப்டம்பர் 13

தேர்வு முடிந்தது. மூன்று அடுக்கு.

கடலைப் பார்த்த முன்வரிசையில் பேபெர்ரியும் பீச் பிளமும். பீச் பிளம் வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும்; கோடை முடிவில் அதன் பழத்தில் ஜெல்லி செய்வது இந்த ஊர் வழக்கம். இந்தப் புதர்கள் காற்றைத் தரைமட்டத்தில் தணித்து, பின்னால் இருப்பவற்றின் அடிப்பகுதியைக் காக்கும்.

நடுவரிசையில் கிழக்கத்திய சிவப்பு சீடர். முன்பு பென்சில் செய்த மரம். கனடா எல்லைக் குளிர் முதல் ஃபுளோரிடா வெயில் வரை தாங்கும். கைவிடப்பட்ட வயல்களில் முதலில் முளைப்பதும் இதுதான். பெண்மரத்தில் நீலக்காய் நிறைய வரும். வாக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக வந்து தின்னும். ஒரு எச்சரிக்கை: ஆப்பிளைத் தாக்கும் துருநோய் இதன் மேலும் வாழும். பக்கத்தில் ஆப்பிள் வளர்ப்பவர் இருந்தால் கேட்டுவிட்டு நட வேண்டும். விசாரித்தேன், அருகில் யாரும் வளர்க்கவில்லை. நடுநடுவே ஒன்றிரண்டு பிட்ச் பைன். இந்த மணலின் சொந்த மரம். தீயில் கருகினாலும் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும்.

சீடரின் மறைவில், நாற்காலிக்கு அருகே, அமெரிக்க ஹாலி. அதன் இயற்கையான வாழிடத்தின் வட எல்லை ஏறக்குறைய இந்தக் கரையோடு முடிகிறது. அதனால் குளிர்காற்று நேராக மோதாத இடத்தில்தான் வைக்க வேண்டும். பளபளக்கும் முள்ளிலை, மெதுவான வளர்ச்சி. ஆண், பெண் என்று தனித்தனி மரங்கள். சிவப்புக் காய் வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஆண்மரம் நிற்க வேண்டும். ஃபால்மத் ஊரில் ஆஷுமெட் ஹாலி சரணாலயம் இருக்கிறது. மாசசூசெட்ஸின் வேளாண் ஆணையராக இருந்த வில்ஃப்ரிட் வீலர், அழிந்துவந்த ஹாலி வகைகளைத் தேடிச் சேகரித்து வளர்த்த இடம். வாங்குவதற்கு முன் அங்கே போய், முழுதாக வளர்ந்த மரம் எவ்வளவு அகலம் கேட்கிறது என்று பார்த்துவந்தேன்.

ஒரு மூலையில் டூபெலோ. இலையுதிர்க்கும் மரமாதலால் குளிர்காலத்தில் மறைக்காது. ஆனால் அப்போது முற்றத்தில் உட்காரப்போவது யார்? அக்டோபரில் அதன் இலையில் ஏறும் சிவப்புக்காகவே அதற்கு இடம் கொடுத்தேன்.

நெருக்கமாக அடைக்கவில்லை. முழுக்க அடைத்த வேலிமேல் மோதும் காற்று தாண்டிக் குதித்து மறுபுறம் சுழன்றடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் மரவரிசையோ அதன் வேகத்தைத் தணித்து, மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அடக்கம் தரும்.

செப்டம்பர் 20

நட்டாயிற்று. பசுமை மாறா மரங்களுக்கு இங்கே இதுவே நல்ல காலம்: மண்ணில் வெப்பம் இருக்கிறது, வெயிலின் கடுமை போய்விட்டது. பெரிய மரம் வாங்காமல் இடுப்புயரக் கன்றுகளாக வாங்கினேன். சிறியது வேர் சீக்கிரம் பிடிக்கும். சில ஆண்டுகளில் பெரியதை எட்டிவிடும். குழியை வேர்ப்பந்தைப்போல் மூன்று மடங்கு அகலமாகத் தோண்டினோம். ஆழம் பந்தின் அளவுக்கு மேல் போகவில்லை. அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் மரம் சில ஆண்டுகள் கழித்து, காரணம் தெரியாமல் சாகும். மூடாக்கு மூன்று அங்குலம், அடிமரத்தைத் தொடாமல்.

நவம்பர் 29

மண் உறையும் வரை தண்ணீர் விட வேண்டும் என்பதைப் பலர் நம்புவதில்லை. இலையுதிர் காலம் வந்ததும் குழாயைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். முதல் குளிர்காலத்தைத் தாண்ட வைப்பது இந்தக் கடைசி நீர்தான். ஹாலிக்கு வடபுறம் கட்டைகள் அடித்துச் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டினேன். மரத்தில் சுற்றவில்லை, காற்றை மட்டும் தடுத்தால் போதும்.

பிப்ரவரி 11

நேற்றிரவு வடகிழக்குப் புயல். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சீடர்கள் வெண்கல நிறமாக மாறியிருக்கின்றன. இது நோயல்ல, குளிரில் அவற்றுக்கு இயல்பான நிறம், வசந்தத்தில் பச்சை திரும்பும். ஹாலியின் மேலிலைகளில் மட்டும் விளிம்பு காய்ந்திருக்கிறது. பேபெர்ரியில் குச்சி ஒன்றும் ஒடியவில்லை.

மே 18

எல்லாம் துளிர்த்துவிட்டன. சீடர் எல்லையில் 13 அடி எட்ட ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை நாற்காலியை வீட்டுச் சுவரோரம் போட்டுக்கொள்கிறேன். வளர எடுத்துக்கொள்ளும் காலத்தில்தான் மரம் இந்த மணலில் வேரை இறக்குகிறது. அதை அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

மாடிவீட்டுக்காரர் இன்று வேலியோரம் வந்து, தன் பக்கத்திலும் மரம் வைக்கப்போவதாகவும் இந்தச் சீடரையே வாங்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பிட்ச் பைனும் டூபெலோவும் பீச் பிளமும் வையுங்கள். உங்கள் மனை கடலுக்கு ஒரு படி அருகில் இருக்கிறது, உங்களுடையதுதான் இனி எங்களுக்கு முன்வரிசை என்றேன். எந்த நர்சரியில் நல்ல கன்று கிடைக்கும், எதை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செப்டம்பரில் குழி தோண்ட நானும் போகிறேன். இரண்டு முற்றங்களின் மரங்களும் சேர்ந்து நின்றால் இந்தத் தெருவுக்கே காற்று குறையும்.